கரிக்கட்டையாய் வந்த படம்

இலங்கை மலையகத்தில், அட்டனைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் 22 வருடங்களாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். அதில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை ஒன்று உண்டு. மாணவர்கள் எல்லோரும் பாஸ், நான் மட்டும் பெயில்.

தரம் 10க்கான தவணைப் பரீட்சை அது. வினாத்தாளில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள தெகல்தொருவை விகாரையின் சுவரோவியம் ஒன்றைச் சேர்த்திருந்தேன். வர்ணப் பிரதிக்குக் காசு கிடையாது. டவுனில் போட்டோகொப்பி அடித்தபோது மை கூடிப்போய், படம் கரிக்கட்டையாக வந்து விழுந்தது. உள்ளே நிற்பது மனிதனா யானையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். திருப்பி அடிக்க நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். கேள்விகள் வழக்கமானவைதான். இந்த ஓவியம் எந்த விகாரையில் உள்ளது? எக்காலத்துக்குரியது? கூறும் கதை யாது?

வகுப்பில் 31 பேர். ஒருவர்கூட எழுந்து "சேர், படம் தெரியல" என்று சொல்லவில்லை. 26 பேருக்கு முழுப் புள்ளி. தெகல்தொருவை, கண்டிக் காலம், புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். அந்தத் தவணையில் நான் படிப்பித்த சுவரோவியம் அது ஒன்றுதான். படம் எதற்கு?

முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடைத்தாள்களைக் கட்டி அலுமாரியில் வைக்கும்போதுதான் உறைத்தது. படத்தைப் பார்க்காமலே பதில் எழுதக்கூடிய கேள்விகளைத்தான் நான் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் தந்த இரண்டு பக்க நகலைத் தேடி எடுத்தேன். அல்பிரட் யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளரைப் பற்றியது. படம் பார்க்கிறவரின் கண்ணில் சிறு கண்ணாடி பொருத்திய குமிழ் ஒன்றை உறிஞ்சி ஒட்டவைத்து, பார்வை போகும் வழியைக் கோடாகப் பதிவுசெய்தவர். இமைகூட மூட முடியாது. கேட்கவே கண் எரிகிறது. 1965இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. ஒரு குடும்பத்தைக் காட்டும் படம் ஒன்றுதான், பார்த்தவரும் ஒருவர்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒவ்வொன்று சொல்லிவிட்டுப் பார்க்கவைத்தார். சும்மா பாருங்கள் என்றபோது ஒரு பாதை. குடும்பத்தின் வசதியை மதிப்பிடச் சொன்னால் கண் தளபாடங்களிலும் உடைகளிலும் மேய்ந்தது. வயதைச் சொல்லுங்கள் என்றால் முகங்களை விட்டு நகரவில்லை. கேள்வி மாற மாற, கண் போகும் பாதையும் மாறியது.

கண்ணின் அமைப்பே அப்படித்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் செக்கனுக்கு மூன்று நான்கு தடவை தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிக்காகோவில் பஸ்வெல் என்ற ஆய்வாளர் 1935இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முதலில் கண் படம் முழுவதும் ஓடி மேலோட்டமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது, பிறகுதான் ஓரிடத்தில் கூடுதல் நேரம் நிற்கிறது. படத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களிடமே திரும்பத் திரும்பப் போகிறது.

என் சித்திர அறையில் ஒரு பழைய கலண்டர் படம் ஒட்டியிருக்கிறது. தேயிலை மலையில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண். நிறமும் ஒளியும் படிப்பிக்க நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் படம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "இந்தப் புள்ள கொழுந்து எடுக்கல சேர், கொப்பப் புடிச்சிக்கிட்டு நிக்குது. இடுப்புல படங்கும் கட்டல. காலப் பனியில சேல பூரா நனைஞ்சிருக்குமே, இதுல ஒரு சொட்டு ஈரமில்ல" என்றார். தோட்ட லயத்தில் பிறந்து, கொழுந்தெடுக்கும்போது நனையாமலிருக்க அம்மா இடுப்பில் கட்டும் படங்கைக் காயப்போட்டு வளர்ந்தவன் நான். பல வருடம் அந்தப் படத்தைப் பாடமாக நடத்தியவன். என் கண் அவளுடைய இடுப்புப் பக்கம் போனதே இல்லை. வர்ணம் பார்க்கப் பழக்கிய கண், வேலையைப் பார்க்கவில்லை.

சரி, கரிக்கட்டைப் படத்துக்குப் பரிகாரம் வேண்டுமே. அடுத்த தவணை, கண்டிச் சுற்றுலாவில் தெகல்தொருவைக்கே கூட்டிப்போனேன். சுவரில் பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது. சிவப்புப் பின்னணி. ஒரே வெஸ்ஸந்தரன் ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் வருகிறான். வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிறான், சற்றுத் தள்ளிப் பிள்ளைகளையே கொடுக்கிறான். நின்ற இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது, நடந்துகொண்டே பார்க்க வேண்டும். பிள்ளைகள் நடந்தார்கள். முழுப் புள்ளி வாங்கிய ஒருவன், "சேர், இவங்க எத்தன அண்ணன் தம்பி?" என்று கேட்டான்.

அப்புறம்தான் யார்பஸ் பயன்படுத்திய அதே படத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும் துணிச்சல் வந்தது. ரஷ்ய ஓவியர் இலியா ரேபின் 1884 முதல் 1888 வரை வரைந்தது. மூலம் மொஸ்கோவில் இருக்கிறது. அரசியல் காரணமாக நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைகிறார். நான் இந்த விவரம் எதையும் சொல்லவில்லை. நல்ல வர்ணப் பிரதியாக எடுத்து, ஹார்ட்போர்டில் ஒட்டி, "பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அரை நிமிடத்தில் "பார்த்தாச்சு சேர்" என்றார்கள். கோபிக்கவில்லை. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பெரிய ஓவியங்களின் முன்னால் ஆட்கள் நிற்கும் நேரத்தை அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 செக்கன். காசு கட்டி வருகிறவர்களே அவ்வளவுதான் என்றால் என் பிள்ளைகளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

"வசதியான குடும்பமா?" என்று கேட்டேன். உடனே முதுகுகள் முன்னால் வளைந்தன. பலகைத் தரை, துரை பங்களா மாதிரி. சுவர் நிறையப் படம். வேலைக்கு ஆள் வேறு. ஆனால் வந்தவரின் கோட்டு கிழிசல்.

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு வருகிறார்?" என்று அடுத்ததாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடைசி வாங்கிலிருந்து எப்போதும் பேசாத ஒரு பிள்ளை எழுந்தாள்.

"அஞ்சு வருசம் சேர்."

"எப்படிச் சொல்ற?"

"மேசையில இருக்கிற அண்ணனுக்கு ஆளத் தெரியுது, சிரிக்கிறான். பாப்பாவுக்குத் தெரியல, பயந்து பார்க்குது. அப்ப அது கைக்குழந்தையா இருக்கிறப்போ போயிருப்பாரு. பாப்பாவுக்கு ஒரு ஆறு வயசு வரும்."

யார்பஸின் தாளில் இதே கேள்விக்கு உரிய கோடும் முகத்திலிருந்து முகத்துக்குத்தான் தாவுகிறது. வந்தவர், பிள்ளைகள், மறுபடி வந்தவர். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன்.

பாடம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னலோரப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சேர், கதவுகிட்ட நிக்கிற அக்கா இன்னும் கைப்பிடிய விடல."

"ஆமா, வேலைக்கார அக்கா."

"கேக்காம ஆள உள்ள விட்டதுக்கு அவளுக்கு ஏச்சு விழுமா?"

யார்பஸ் அந்தப் படத்தை ஏழு விதமாகப் பார்க்கவைத்திருக்கிறார். அந்த ஏழில் இந்தக் கேள்வி இல்லை. மணி அடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.