முங்கிக் குளித்த காதுக்கு வினிகர் சொட்டு

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் காதுவலியும் கூடவே வந்துவிடும். மதகிலிருந்து குதிக்கும் பிள்ளைகளுக்கும், புதுச்சேரிப் பக்கம் போய் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் முங்குவது) பழகிவரும் தஞ்சாவூர், நாகப்பட்டினம் இளைஞர்களுக்கும் இது பொதுவான தொல்லை. பெரும்பாலும் வீட்டிலேயே தடுத்துவிடலாம்.

குறும்பியை அழுக்கு என்று நினைத்துக் குடைந்து எடுக்கிறோம். லேசான அமிலமும் எண்ணெய்ப் பசையும் உள்ள காப்பு அது. திரும்பத் திரும்ப முங்கினால் கரைந்துபோகும். உள்தோல் ஊறி வெளுக்கும். அந்த ஈரத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியாவும், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் வளரும். ஐப்பசி அடைமழையில் காது சீக்கிரம் காயாது என்பதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆக, போன அமிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஈரத்தை வெளியேற்ற வேண்டும்.

மளிகைக்கடை வெள்ளை வினிகர் 10 மி.லி., மெடிக்கலில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 10 மி.லி. இரண்டையும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து, சுத்தமான சொட்டு பாட்டிலில் கலந்தால் போதும். வினிகர் லேபிளில் அசிட்டிக் அமிலம் 4% என்று இருந்தால் கலவையில் 2% வரும். காதுக்கென்று விற்கும் அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்தின் அளவும் அதுதான். ஆப்பிள் சைடர் வினிகரில் கசடு இருக்கும், வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், டெட்டால் எதையும் இதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது. பாட்டிலில் பெரிய எழுத்தில் 'காது' என்று எழுதி ஒட்டுங்கள். கண் சொட்டு மருந்து பாட்டிலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். சாமி விளக்குப் பக்கமும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அன்றைய கடைசி முங்கல் முடிந்ததும், கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரை மெதுவாக விட்டு உப்பையும் சேற்றையும் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிடுங்கள். பாட்டிலை உள்ளங்கையில் பொத்தி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சொட்டு குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து 5 அல்லது 6 சொட்டு விடுங்கள். சின்னப் பிள்ளைக்கு மடலைக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். கடிகாரம் பார்த்து 5 நிமிடம் அப்படியே. பலரும் ஒரு நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். அமிலம் வேலை செய்ய அது போதாது. பிறகு வடியவிட்டு மறு காது. வெளியே துண்டால் ஒற்றினால் போதும், பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதுவும் உள்ளே போகக் கூடாது.

லேசான குளிர்ச்சி இயல்பு. சுரீரென்று எரிந்தால் உள்ளே கீறல் இருக்கிறது, நிறுத்துங்கள். தொண்டையில் புளிப்பு தெரிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுவயதில் சீழ் வடிந்த காது என்றால் ஓட்டை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர்களும், காதில் அறுவை செய்தவர்களும் இஎன்டி மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே சொட்டு விட வேண்டும். ஸ்கூபாவுக்கும் அந்தப் பரிசோதனை கட்டாயம் தேவை.

முங்கும் முன் காதை அடைக்கும் பிளக்கைப் போடாதீர்கள். ஆழம் போகும்போது அழுத்தம் அதைச் செவிப்பறையை நோக்கித் தள்ளும். பூண்டு காய்ச்சிய எண்ணெயை விடும் வழக்கமும் வேண்டாம். சூடு அளவு தவறினால் உள்தோல் வெந்துவிடும்.

இறங்கும்போதே காது வலித்தால் அது அழுத்தத்தால் வந்த வலி, இந்தச் சொட்டால் பயன் இல்லை. மேலே வந்த பிறகு காதுமடலை இழுத்தாலோ, முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பை அழுத்தினாலோ வலி கூடினால் தொற்று பிடித்துவிட்டது. இனி வினிகர் எரிச்சலைத்தான் கூட்டும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் போட்டு, அவர் சொல்லும்வரை தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ராத்திரியில் தூங்கவிடாத காதுவலி வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தொற்று மண்டையோட்டு எலும்புவரை பரவக்கூடியது.