செங்காய்

மே 14, புதன்

திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் போன் செய்து கேட்க வேண்டாமாம்.

மே 15, வியாழன்

அக்கா காபி ஆற்றிக்கொண்டே "பண்ருட்டி போயிட்டு வரலாமாடா?" என்றாள். அயனாவரம் வரை போய்விட்டு வரலாமா என்று கேட்பதுபோல.

"பலாப்பழம் கோயம்பேட்டுலயே மலை மாதிரி கிடக்குது."

"நான் பழம் கேக்கல. பண்ருட்டி கேக்கறேன்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு ஐம்பத்து மூன்று வயதிலும் எனக்குப் பதில் வராது. சரி என்றேன். சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ராத்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லிஸ்ட் போட்டாள். பலா 1. முந்திரி 3 கிலோ. மல்லாட்டை ஒரு மரக்கா. கல்லுப்பு 10 கிலோ. கருவாடு (தம்பிக்கு). நுங்கு, வழியில்.

மூன்று கிலோ முந்திரி. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மே 16, வெள்ளி

ராத்திரி இரண்டு மணிக்கு சமையலறையில் டப்பா கழுவும் சத்தம். எழுந்து போகவில்லை. போயிருந்தால் "ஏன் தூங்கல?" என்று அவள்தான் என்னைக் கேட்டிருப்பாள்.

மே 17, சனி

வடலூரில் ஒரு லாட்ஜ். மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும்தான் ஓடுகிறது. அக்கா தூங்கிவிட்டாள். வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

கொளத்தூரில் இருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூரில் அந்த நேரத்திலேயே நெரிசல். செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் அக்கா ஜன்னலை இறக்கினாள். மதுராந்தகம் ஏரி வந்ததும் வழக்கம்போல, உடையப்போன கரையை ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று காத்ததை வெள்ளைக்காரக் கலெக்டர் கண்ணால் பார்த்த கதையை ஆரம்பித்தாள். நூறு முறை கேட்டாயிற்று. இன்றைக்கு நடுவிலேயே நிறுத்திவிட்டாள். மீதியை நான் சொன்னேன்.

அச்சிறுபாக்கம் தாண்டி நுங்கு. சீவிக் கொடுத்த பையனிடம் இளசாகப் பார்த்துக் கேட்டு, கட்டைவிரலை விட்டு நோண்டி, தண்ணீர் சட்டையில் தெறிக்கத் தின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் போல. "என்னடா, பேயைப் பாக்கற மாதிரி பாக்கற?" என்றாள்.

விக்கிரவாண்டியில் கும்பகோணம் சாலைக்குப் பிரிந்தோம். பண்ருட்டி நெருங்க நெருங்க மண் சிவக்கிறது. அப்புறம் வாசனை. ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. சாலையோரம் பழங்களை அடுக்கி வைக்கவில்லை, கொட்டி வைத்திருக்கிறார்கள். சில பழங்கள் சின்னப் பிள்ளை உயரம்.

அக்கா நாலு கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு பழத்தையும் விரல் மடக்கித் தட்டுவாள், காதை வைப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். நாலாவது கடைக்காரர் பொறுமைசாலி. "ம்மா, முள்ளு நெருக்கமா கூரா இருந்தா காயி. முள்ளு அகண்டு மழுங்கிச்சுன்னா உள்ள சுளை தெரண்டிருச்சின்னு அர்த்தம். தட்டுனா டிங்குன்னா காயி, தொப்புன்னா பழம்" என்று சொல்லிக் கொடுத்தார். அவளுக்கு இது தெரியாதா என்ன? முதல் தடவை கேட்பவளைப் போலத் தலையாட்டினாள்.

கடைசியில் எடுத்தது பழமும் இல்லை, காயும் இல்லை, செங்காய்.

"இன்னிக்கே சாப்பிடற மாதிரி எடுக்கா."

"வேணாம். மூணு நாள்ல பழுக்கறதா இருக்கட்டும்."

350 சொன்னார், 270-க்கு முடித்தாள். காம்பில் வேப்பங்குச்சியைச் சீவி அடித்து, சாக்கில் சுற்றி வைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்று குச்சியும் அவரே கொடுத்தார். தானே புயலில் இருந்த மரமெல்லாம் போய், அப்புறம் வைத்த கன்றில் காய்த்ததாம் இது. 2011 டிசம்பர் 30. தேதியை அவர் தடுமாறாமல் சொன்னார். முந்திரித் தோப்புகளும் அன்றைக்கு அப்படியே படுத்துவிட்டன. ஒரு ராத்திரி என்றார், ஒரே ராத்திரி.

காருக்குக் கொண்டுவரும்போது இடது கையைக் கொடுத்துத் தூக்கப் போனாள். கத்திவிட்டேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

முந்திரிக் கடையில் தரையில் உட்கார்ந்து ஒரு அம்மா பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முழுசு, இரண்டாகப் பிளந்தது, துண்டு, குருணை. கண் பார்க்கிறதா, விரல் பார்க்கிறதா என்றே தெரியாத வேகம். 240, 320 என்பதெல்லாம் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்குதான். நம்பர் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். அந்த அம்மாவின் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. கொட்டை உடைக்கும் வேலையும் பார்ப்பாராம். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்க வேண்டும். அக்கா அந்தக் கையையே பார்த்தாள். பேரம் பேசவில்லை. மூன்று கிலோ என்று எழுதியிருந்தவள் நாலு கிலோ வாங்கினாள். ஏன் என்று கேட்கவில்லை.

மல்லாட்டையும் ஆயிற்று. கடைக்காரரிடம் நான் வேர்க்கடலை என்றேன், அவர் திருத்தினார். மணிலாவில் இருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. சென்னைக்காரன் நாக்கில் மட்டும் அது ஏறுவதில்லை.

திருவதிகைக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. கோபுர நிழலில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த இடம். வலி தாங்காமல் இவர் அக்கா திலகவதியைத் தேடி வர, அந்த அம்மா திருநீறு கொடுத்துச் சந்நிதிக்குக் கூட்டிப்போனார்.

"அங்க தம்பிக்கு நோவு, அக்கா பாத்துக்கிட்டா. இங்க தலைகீழா ஆயிடுச்சு பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மல்லாட்டையை உடைத்து எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. தோலையெல்லாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், கோயில் வாசலில் குப்பை போடக்கூடாது என்று. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வடலூர் வர இருட்டிவிட்டது. தருமசாலையில் சாப்பாடு. யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அக்கா சாப்பிட்டு முடித்த பிறகும் அந்த அனல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "ராத்திரில யாராவது முழிச்சிட்டு இருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். இருப்பார்கள் என்றேன்.

மே 18, ஞாயிறு

வள்ளலார் சோறு தின்ற வாயோடு கடலூர் முதுநகரில் கருவாடு வாங்கினோம். நெத்திலி, கொஞ்சம் வாளை. அக்காவுக்கு இப்போது ஆகாது, எனக்குத்தான். தாளில் சுற்றி, அதற்கு மேல் கவர், அதற்கு மேல் இன்னொரு கவர். அப்படியும் பலா ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம், கார் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புதுச்சேரியில் பெட்ரோல் போட்டேன். எல்லாரும் போடுகிறார்கள்.

மரக்காணத்தில் இறங்கினோம். பாத்தி பாத்தியாக வெயில் கிடக்கிறது. வெள்ளைக் குவியல்களைப் பார்க்கக் கண் கூசுகிறது. அக்கா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து "கசப்பு இல்ல" என்றாள். பத்துக் கிலோ. மூட்டையை நான் தூக்கினேன்.

இந்த உப்பு எத்தனை நாளைக்கு வரும்? ஊறுகாய்க்கு என்கிறாள். ஊறுகாய் போட்டால் ஒரு வருஷம் வரும். வீட்டில் சாமான் இருக்கட்டும் என்று வாங்குகிறவளும் இப்படித்தான் வாங்குவாள். தான் இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று வாங்குகிறவளும் இப்படித்தான் வாங்குவாள். கடப்பாக்கம் வரை இதே யோசனை. கோவளத்தில் ஒரு ஸ்கூட்டரை இடிக்கப் பார்த்தேன். அக்கா திட்டினாள். திட்டு நன்றாக, நீளமாக இருந்தது.

நாளைக்குத் திங்கள்.

மே 19, திங்கள்

வரவில்லை. பதினொரு மணிக்கு நானே போன் செய்தேன். இன்னொரு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், புதன் ஆகுமாம். எதற்கு இன்னொரு டெஸ்ட்? அதை டாக்டர்தான் சொல்வார். டாக்டர் எப்போது இருப்பார்? புதன்தான். போனிலேயே கத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், "சாரி சார், சாரி சார்" என்று நாலு முறை சொன்னது. திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பலா பழுக்கவில்லை. தட்டினேன். டிங்.

மே 20, செவ்வாய்

தட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம்.

அக்கா முந்திரியை வெயிலில் காட்டி எடுத்து பாட்டிலில் அடைத்தாள். பேர் எழுதி ஒட்டுகிறாள். கீழ்வீட்டு மாமி. வேலைக்கு வரும் அம்மா. அண்ணன் மகள். ஆபீஸில் கூட வேலை பார்த்த இரண்டு பேர். என் பேர் எழுதிய பாட்டில் மூன்று. அவள் பேரில் ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"உனக்கு?" என்றேன்.

"உன் வீட்டுலதானடா நானும் தின்னப்போறேன்."

இதை இரண்டு மணி நேரமாக வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டுல என்றாள். இது அவள் வீடு. நான்தான் போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்.

நெத்திலி வறுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 21, புதன்

விடியற்காலை நாலு மணிக்கு வாசனை எழுப்பிவிட்டது. கூடத்துக்கு வந்தால் அக்கா ஏற்கெனவே சாக்கைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறாள். தட்டிக் காட்டினாள். தொப்.

இரண்டு பேரும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோம். கத்தியிலும் தடவினேன். நடுவே பிளந்ததும் வெள்ளைப் பால் கசிந்தது, துணியால் துடைத்துத் தண்டைச் சீவினேன். அக்கா வலது கையால் மட்டும் சடையை விலக்கிச் சுளை எடுத்தாள், இடது கை மடியில் இருந்தது. நல்ல மஞ்சள், ஆரஞ்சுக்குப் பக்கத்து மஞ்சள். முதல் சுளையை எனக்குக் கொடுத்தாள். கடித்தால் கறுக்கென்று இருந்தது. பேசவே இல்லை. தட்டு நிறைந்து, குண்டான் நிறைந்து, பிறகு பெரிய அண்டாவை எடுத்தோம்.

பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குளித்தும் விரல் இடுக்கில் பிசின் போகவில்லை.

மே 22, வியாழன்

பலாக்கொட்டையைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்தாள். நூற்றுப் பதினாறு இருந்தது.

மாங்காய் வாங்கி வரச் சொல்கிறாள். பத்துக் கிலோ, கடையிலேயே ஓட்டோடு வெட்டி