பூசணிக்காயோடு நயினாதீவுக்கு

அம்மாவின் நேர்த்தி ஒன்று பத்து மாதமாகக் கிடப்பில் இருந்தது. அக்காவுக்குப் பிள்ளை சுகமாகப் பிறந்தால் நயினாதீவு நாகபூசணி அம்மாளுக்கு வெள்ளியில் ஒரு நாகம் போடுவதாக வேண்டியிருந்தார். பிள்ளை இப்போது வீடெல்லாம் தவழ்கிறது. அம்மாவுக்கோ முழங்கால் ஏலாது. படகில் குனிந்து இறங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. "நீயெண்டாலும் போட்டிட்டு வா ராசா, அம்மாள் கணக்கு வைச்சிருப்பா" என்று நாகத்தைக் கைலேஞ்சியில் முடிந்து என் கையில் தந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையைக் கடந்து, கடலின் நடுவே போகிற வாணர் தாம்போதிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல். கம்பு நட்டுக் கட்டிய வலைகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. புங்குடுதீவின் அந்தலையில் குறிகட்டுவான் துறை. அதற்கு அப்பால் ரோட்டு இல்லை.

நான் போனது ஒரு புதன்கிழமை. ஆனித் திருவிழாக் காலமென்றால் துறையில் கால் வைக்க இடமிராது. அன்றைக்கு யாத்திரிகர்களாக எங்களைப்போல் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் தீவுக்கு வேலையாகப் போகிறவர்கள் அல்லது வீடு திரும்புகிறவர்கள். குடையும் கைப்பையுமாக இரண்டு ஆசிரியைமார், சீமெந்துப் பை ஏற்றும் ஒருவர், காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த ஒரு பொடியன். நயினாதீவுக்கு ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வேண்டுமென்றாலும் இந்தத் துறையால்தான் போகவேண்டும். அம்மாளைக் கும்பிடப் போகிறவர்களும் அதே படகில்தான்.

படகின் உள்ளே கூரை தணிவு. குனிந்து இறங்கி உட்கார்ந்தால் கடல் கண்ணுக்கு நேரே நிற்கும். டீசல் மணமும் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். எனக்கு எதிரே ஒரு வயதான அம்மா, காலடியில் சாக்கு மூட்டை. படகு ஒரு தூக்குத் தூக்கியதும் மூட்டை வாய் திறந்து ஒரு பூசணிக்காய் உருண்டு வந்து என் கணுக்காலில் இடித்தது.

"கவனம் தம்பி, காலை எடுங்கோ. ஆர் பிள்ளை நீங்கள், எங்கையிருந்து வாறியள்?"

சொன்னேன். நேர்த்தியையும் சொன்னேன். வெள்ளி நாகத்தை வாங்கிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு தந்தார். "கும்பிட்ட கையோட ஓடிடாதேங்கோ. மடத்தில சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

அரை மணிகூட ஆகவில்லை, நீலத்துக்கு நடுவே கோபுரம் தெரிந்தது. இந்தக் கடலில்தான் அந்தக் கதை நடந்தது என்பார்கள். அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு புளியந்தீவிலிருந்து நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் இன்னொரு கல்லில் காத்திருக்க, கப்பலில் வந்த மாநாய்க்கன் என்ற வணிகன் நடுவில் புகுந்து விலக்குப் பிடித்தானாம். அவனே பிறகு அம்மனுக்குக் கோயில் எடுத்தான் என்பது கதை. சின்ன வயதில் எனக்கு அந்த நாகத்தில்தான் பிரியம். சண்டையிலும் பூவை விடவில்லையே.

கோயிலடியில் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். போர்த்துக்கேயர் இடித்த கோயில் 1788இல் மறுபடி எழும்பியது. 1958இலும் 1986இலும் மீண்டும் அடி வாங்கியது. இன்றைக்கு அதன் தடமே தெரியாதபடி வர்ணம் மின்னுகிறது. தீபாராதனையின்போது நாகம் குடைபிடிக்கும் அம்மாளின் முகம் ஒரு நொடி தெளிவாகத் தெரிந்தது. நாகத்தைத் தட்டில் வைத்தேன். ஐயர் பிள்ளையின் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பேர் தெரியும், நட்சத்திரம் மறந்துபோச்சு! கையில் தட்டோடு அவர் காத்து நிற்க, நான் முழிக்க, "சரி, அம்மாளுக்குத் தெரியும்" என்று அவரே அர்ச்சனையைத் தொடர்ந்தார்.

வெளியே வந்து நாகவிகாரைப் பக்கம் ஒரு நடை. தெற்கிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று வெள்ளை உடுப்பில் அங்கே கும்பிட்டுவிட்டு, பூத்தட்டோடு அம்மாளிடம் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர்க் கான்கள் வரிசையாக இருந்தன. தீவில் பல கிணறு சவர். நல்ல தண்ணீரை அளந்து புழங்குகிற ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில் வருகிற சனத்துக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். அன்னதான மண்டபத்தின் பேர் அமுதசுரபி. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலர் சொல்வார்கள், மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் மணிமேகலையைவிட ஆபுத்திரன்தான் மனசில் நிற்பான். சாவகம் போகிற கப்பல் அவனை மணிபல்லவத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம், ஊட்ட ஒரு மனிதர் இல்லை. தனக்கு மட்டும் சோறு எடுக்க மனம் வராமல் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிரை விடுகிறான்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் காலையில் சீமெந்து ஏற்றியவர், முடியில் இன்னும் சாம்பல் தூளோடு. அவருக்கு அப்பால் அந்தச் சிங்களக் குடும்பத்துச் சிறுமி, சோற்றில் குழி செய்து பருப்பை நிரப்பிக்கொண்டிருந்தாள். சோறு, பருப்பு, ஒரு கீரை, பூசணிக்காய்க் கறி. பரிமாறிய அண்ணையிடம் படகில் வந்த மூட்டையைச் சொல்லி, அந்தப் பூசணியா இது என்று கேட்டேன்.

"அது இப்பத்தானே இறங்கினது. அது நாளைக்கு வாற சனத்துக்கு" என்றவர், இன்னொரு கரண்டி கறியை இலையில் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.