டேட்டா கொஞ்சமாக இருக்கும் வீட்டில் பைத்தான் நிறுவ

2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த சமயத்தில்தான் பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு. கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும். மொபைல் டேட்டாவை நம்பினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். வீடியோவில் பாடம் எடுப்பவர்களோ இணையம் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பிலேயே பேசுகிறார்கள். வேண்டியதையெல்லாம் வைஃபை உள்ள இடத்தில் மொத்தமாக இறக்கி, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுவியதுதான் எனக்குச் சரிப்பட்டது.

கிளம்புவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. 3.13-க்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். இதைப் பார்க்காமல் போனால் மறுபடி டாக்சிக் காசு தண்டம்.

இன்ஸ்டாலர் சுமார் 30 எம்பிதான். திறந்ததும் அடியில் ‘பாத்’தில் (PATH, நிரல்களை எங்கே தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் சின்னக் கட்டத்தில் டிக் போடுங்கள். அதை விட்டுவிட்டால், கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் (python) என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து நிற்கும். ஏறவில்லை போல என்று எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். ‘பிஒய்’ (py) என்ற இரண்டே எழுத்தைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும்.

நிரல் எழுதும் எடிட்டர் என்றாலே எல்லாரும் விஎஸ் கோட் என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதற்கென்று எக்ஸ்டென்ஷன் இறக்க வேண்டும், எந்த பைத்தானை எடுப்பது என்று காட்ட வேண்டும். புதிதாகப் படிப்பவருக்கு இந்தத் தலைவலி எதற்கு? பைத்தானோடு கூடவே வரும் ஐடிஎல்இ (IDLE) என்ற எடிட்டரே ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். பழைய கமாண்ட் பிராம்ப்டில் கட்டங்கட்டமாகத் தெரியும் தமிழ் எழுத்து அதில் ஒழுங்காகத் தெரிகிறது. பைத்தான் 3-இல் மாறிகளுக்கே (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்களுக்கே) தமிழில் பெயர் வைக்கலாம். பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு) விலையை ‘விலை’ என்ற மாறியில் போட்டுக் கணக்குப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) மாதிரி, பைத்தானோடு வராமல் தனியாகச் சேர்க்க வேண்டிய பேக்கேஜ்கள்தான் கொஞ்சம் இழுக்கும். பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான பிப்பில் (pip) ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘டவுன்லோட்’ என்று கொடுத்தால், அதற்குத் துணையாக வேண்டியவற்றையும் சேர்த்து ஒரு ஃபோல்டரில் இறக்கித் தரும். இறக்கும் கணினியிலும் உங்களுடையதிலும் பைத்தான் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே 3.12, இங்கே 3.13 என்றால் நம்பை ஏறாது. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். நண்பர் தன் விஎன்வ் (venv, ஒரு வேலைக்கென்று பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் சூழல்) ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து தந்தாலும் உதவாது, அதற்குள் அவருடைய கணினியின் பாதைகள் பதிந்திருக்கும். வீட்டிலேயே புதிதாக ஒன்று உருவாக்குங்கள், அதற்கு இணையம் வேண்டாம். அதை ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை என்று பவர்ஷெல் (விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னல்) மறுத்தால், கமாண்ட் பிராம்ப்டுக்கு மாறி அங்கிருந்து செய்யுங்கள்.