டிரைவர் நிறுவியாச்சு, ஆனால் லோடாகவில்லை: டெபியனில் ஒரு கிராபிக்ஸ் கார்டை ஓடவைத்த கதை

என் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் ஒன்று, தனியாக இருக்கும் டூரிங் தலைமுறை என்விடியா கார்டு ஒன்று. டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்ட பிறகு பிரவுசர், வீடியோ, எழுத்து வேலை எதிலும் குறையே தெரியவில்லை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் பண்ணப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கணக்கு வேலையை என்விடியா கார்டிடம் ஒப்படைக்கும் குடா, ஆப்டிக்ஸ் என்ற இரண்டு பிரிவிலும் பொருத்தமான கார்டு எதுவும் இல்லை என்றது. வேலை மொத்தமும் பிராசசர் தலையில் விழுந்து ஃபேன் அலற ஆரம்பித்துவிட்டது.

கார்டே லினக்ஸ் கண்ணில் படுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எல்எஸ்பிசிஐ கட்டளையோடு மைனஸ் கே சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே இப்போது அதை இயக்குவது எந்த டிரைவர் என்று ஒரு வரி வரும். என் கார்டுக்குக் கீழே நூவோ என்று இருந்தது. சரி, கார்டு தெரிகிறது. ஓட்டுகிற ஆள்தான் வேறு.

நூவோவைக் குறை சொல்ல மனசு வராது. கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்தே ஆராய்ந்து ஆர்வலர்கள் எழுதிய திறமூல டிரைவர் அது. 2010-இல் வந்த 2.6.33 கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், சேர்ந்தது. திரையில் படம் காட்ட அது தாராளமாகப் போதும். ஆனால் 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை தொடங்கி, கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவே தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) தேவைப்பட்டது. அதனால் அந்தக் கார்டுகளை நூவோ மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. டூரிங்குக்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் புதிய கெர்னல்களில் இதற்கு வழி பிறந்துவிட்டது. டெபியன் 12-இல் இருக்கும் 6.1 கெர்னல் அதற்கு முந்தியது. எப்படியிருந்தாலும் குடா வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் டிரைவர்தான், வேறு வழியில்லை.

அதைப் போடவும் இரண்டு வழி. தயாரிப்பாளர் தளத்தில் ரன் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும்; அதை நேரடியாக ஓட்டலாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அது எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்பது பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாது. பிற்பாடு ஒரு அப்டேட் வந்து இரண்டும் மோதிக்கொண்டால் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் டெபியனின் மூலப் பட்டியலில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்ற பிரிவுகள் இரண்டையும் சேர்த்து, என்விடியா-டிரைவர் என்ற பேக்கேஜையே நிறுவினேன். சிவப்பில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது. ரீபூட்.

லாகின் திரை வழக்கம்போல் வந்தது, திரையை ஓட்டுவது இன்டெல்தானே. ஒரே ஒரு கார்டு உள்ள கணினியில் இந்த இடத்தில் கருப்புத் திரைதான் வரும் என்று பலர் புலம்பக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கையில் இருக்கவேண்டிய மருந்து இது: கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அது செல்லும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் டெர்மினலாவது கிடைக்கும். பழுது பார்க்க அது போதும்.

எனக்குத் திரை வந்ததே தவிர, எல்எஸ்பிசிஐ காட்டியது விசித்திரமாக இருந்தது. கார்டுக்குக் கீழே இயக்கும் டிரைவர் என்ற வரியே இல்லை. நூவோவும் இல்லை, என்விடியாவும் இல்லை! அதுவரை வேலை செய்த எச்டிஎம்ஐ போர்ட்டும் செத்துவிட்டது, ஏனென்றால் இந்த மாடலில் அந்தப் போர்ட் தனிக் கார்டோடு இணைந்திருக்கிறது. காரணம் யோசித்தால் புரியும். புது பேக்கேஜ் வந்ததும் நூவோவைத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வரவேண்டியது வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் நீக்கிவிட்டு மறுபடி நிறுவு என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. டிரைவர் நிறுவுவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலை. கோப்புகள் வட்டில் வந்து சேர வேண்டும், நம் கெர்னலுக்கு ஏற்ற மாட்யூலாக, அதாவது கெர்னலோடு சேர்த்துக்கொள்ளும் துண்டாக, அது கம்பைல் ஆக வேண்டும், அந்த மாட்யூலைக் கெர்னல் ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கே அறுந்தது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினால், அறுந்த அதே இடத்தில் போய்த்தான் மறுபடியும் நிற்போம்.

கம்பைல் வேலையைப் பார்ப்பது டிகேஎம்எஸ் என்ற கருவி. அதன் ஸ்டேட்டஸைக் கேட்டதும் பதில் வந்துவிட்டது. இன்ஸ்டால்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆடட் என்று மட்டும் இருந்தது. அதாவது மூல நிரல் வந்து உட்கார்ந்திருக்கிறது, மாட்யூல் இன்னும் உருவாகவே இல்லை. கம்பைல் செய்யத் தேவையான, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கான ஹெடர் கோப்புகள் கணினியில் இல்லாததுதான் காரணம். அவற்றைப் போடும்போது இந்தப் பதிப்பு எண்ணுக்கு மட்டும் என்று போடாமல், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுப் பேக்கேஜைப் போடுவது நல்லது. கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் ஹெடரும் கூடவே வரும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் இதே கதை. பிறகு டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் என்று ஓட்டினேன், கம்பைல் ஆகி இன்ஸ்டால்டு என்று வந்தது.

மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்க்கலாம் என்று மோட்புரோப் ஓட்டினால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி பதில். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: செக்யூர் பூட். அது இயங்கும்போது நம்பகமான சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை மட்டுமே கெர்னல் உள்ளே விடும். டெபியன் தரும் மாட்யூல்களில் அந்தக் கையொப்பம் உண்டு. என் கணினியிலேயே கம்பைல் ஆனதில் நம்பகமான கையொப்பம் எப்படி இருக்கும்?

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்பார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் என் லேப்டாப்பில் பக்கத்துப் பார்ட்டிஷனில் பிட்லாக்கர் (வட்டுக் குறியாக்கம்) போட்ட விண்டோஸ் இருக்கிறது. செக்யூர் பூட் நிலையை மாற்றினால் அது மீட்புச் சாவி கேட்டு வழிமறிக்கும். அதைவிட நம் சாவியைப் பதிவு செய்துவிடுவது எளிது. டெபியன் 12-இன் டிகேஎம்எஸ் கம்பைல் செய்யும்போதே ஒரு சாவிச் சோடியை உருவாக்கி, அதைக் கொண்டே மாட்யூலில் கையொப்பமும் போட்டுவிடுகிறது. வார், லிப், டிகேஎம்எஸ் என்று போனால் மோக்.பப் என்ற கோப்பு இருக்கும்; அந்தச் சோடியின் பொதுச் சாவி அதுதான். மோக்-யூடில் கட்டளையில் இம்போர்ட் என்று கொடுத்து அதன் பாதையைத் தந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது ஒரே தடவைக்கான பாஸ்வேர்டு, அடுத்த பூட்டில் நாம் யார் என்று காட்டுவதற்கு மட்டும். வெறும் எழுத்தாகவோ எண்ணாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், சிறப்புக் குறிகள் இடம் மாறிவிடலாம்.

ரீபூட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி 10 விநாடி எண்ணும். அதற்குள் அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பூட் ஆகிவிடும், சாவி பதிவாகாது, மறுபடி இம்போர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு முக்கியமான ஒன்றை இப்படி எட்டிப்பார்த்துவிட்டு ஓடும்படி யார் வடிவமைத்தார்களோ! அழுத்திவிட்டால் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். அவ்வளவுதான்.

இந்தத் தடவை எல்எஸ்பிசிஐயில் என்விடியா என்று வந்தது. கெர்னல் பதிவில் டெயின்டட் என்று ஒரு சொல் கண்ணில் படும், பயப்பட வேண்டாம். மூடிய உரிமம் உள்ள மாட்யூல் ஏறியிருக்கிறது என்று கெர்னல் தன் கணக்கில் குறித்துக்கொள்வது அது. பிளெண்டரில் ஆப்டிக்ஸ் பிரிவில் கார்டின் பெயர் வந்துவிட்டது. திரையில் படம் காட்டும் வேலாண்டுக்காக என்விடியா-டிஆர்எம் மாட்யூலுக்கு மோட்செட் 1 என்று கொடுத்ததும் எச்டிஎம்ஐயும் உயிர்பெற்றது.

அப்புறம், படம் வரைவது எந்தக் கார்டு என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டிப் பார்த்தால் அதில் இன்னும் இன்டெல் என்றே இருக்கும். அது கோளாறு இல்லை. இரண்டு கார்டு உள்ள கணினியில் சாதாரண வேலையை இன்டெல்தான் பார்க்கும். குறிப்பிட்ட ஒரு செயலியைத் தனிக் கார்டில் வரையச் சொல்ல வேண்டுமென்றால் பிரைம் ஆஃப்லோடு என்ற வசதிக்கான சூழல் மாறிகளோடு அதைத் திறக்க வேண்டும். குடாவுக்கு அதுவும் தேவையில்லை, அது கார்டை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எந்தக் கார்டும் இல்லாமல் பிராசசரே படம் வரைகிறது என்று அர்த்தம்.

கடைசியாக பேட்டரி. சும்மா இருக்கும்போது கார்டு தானே அணைந்துகொள்ள, டூரிங் கார்டுகளில் டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் என்ற மாட்யூல் அமைப்பை 2 என்று நாமே வைக்க வேண்டும். வைத்த பிறகு அது அணைகிறதா என்று கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐயை ஓட்டிப் பார்க்காதீர்கள். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, தூங்கிவிட்டீர்களா என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அந்தக் கட்டளையே கார்டை விழிக்க வைத்துவிடும். சிஸ் கோப்புறைக்குள் கார்டின் பிசிஐ முகவரியில், பவர் என்பதன் கீழே ரன்டைம் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதைப் படித்தால் சஸ்பென்டட், ஆக்டிவ் என்று ஒரு சொல் வரும். எச்டிஎம்ஐயில் திரை மாட்டியிருக்கும்வரை ஆக்டிவ் என்றுதான் காட்டும், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.