எண்ணிவிட்டு வருகிறேன்

"எண்ணினீரா, தம்பி?"

2009 ஏப்ரலில், இலங்கைப் போரின் கடைசி வாரங்களில், புதுமாத்தளனிலிருந்து பேசிய எங்கள் செய்தியாளரிடம் நான் கேட்டது இவ்வளவுதான். செய்மதித் தொலைபேசியில் கொஞ்ச நேரம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எண்ணிவிட்டு வருகிறேன் அண்ணை" என்றார்.

கேட்காமல் எப்படி இருந்திருக்க முடியும்? வெளியிலிருந்து செய்தியாளர்களை வன்னிப் போர்முனைக்குள் விடாத காலம் அது. ஒரு எண் பிழைத்தால் மிச்சம் அத்தனையையும் பொய்யென்று தள்ளக் காத்திருந்தார்கள். 'ஏராளமானோர்' என்பது செய்தியாகாது என்று எனக்குப் பின் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்றும் அதை நம்புகிறேன்.

இருபது நிமிடம் கழித்து அழைத்தார். முதலில் சொன்னதைவிட மூன்று பேர் கூட. உடல்களைப் பாயும் சாரமும் போட்டு மூடியிருந்தார்களாம். "கால்களை எண்ணினேன், கணக்கு வரவில்லை அண்ணை. ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் பார்த்தேன்" என்றார். எழுதிக்கொண்டேன். நீர் எப்படி இருக்கிறீர் என்று கேட்கவில்லை. பற்றரி தீர்ந்துவிடுமே என்ற அவசரம். பொய்யான அவசரமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

போர்ச் செய்தியாளர்கள் 140 பேரை ஆராய்ந்து, கனடாவின் மனநல மருத்துவர் அந்தனி ஃபைன்ஸ்டீன் 2002இல் எழுதியதைப் பின்னாளில் படித்தேன். நால்வரில் ஒருவருக்கும் மேல், வாழ்வில் எப்போதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அவர்கள் போருக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர்கள். எங்கள் தம்பிக்கு வீடே அங்கேதான். மனைவியைப் பதுங்குகுழியில் விட்டுவிட்டுத்தான் எண்ணப் போனார்.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், கடைசிக் கட்டத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. அந்த எண்ணைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், எண்ணச் சொன்னது சரிதான் என்று படுகிறது.

ஆனால் அவருடைய எண் அச்சேறவில்லை. சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லையென்று மேலே இருந்தவர்கள் அதை வெட்டிவிட்டு 'பலர்' என்று போட்டார்கள். வாதாடினேன். எவ்வளவு நேரம் என்பது நினைவில்லை. அதிக நேரம் இருக்காது.

இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறார். கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி முடிக்காமல் உள்ளே போக முடிவதில்லை என்று போன மாதம் பேசும்போது சொன்னார். பிறகு, "அன்றைய பத்திரிகை உங்களிடம் இருக்கிறதா அண்ணை?" என்று கேட்டார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.