முகில் எண்டு அழிபடுற படங்கள்

500 கிலோமீட்டர் உயரத்தில சுத்துற சின்னச் சற்றலைட் ஒண்டு ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 95 நிமிசம் எடுக்கும், அதில ஒரு தரை நிலையத்தோட கதைக்கக் கிடைக்கிறது கூடினது பத்து நிமிசந்தான், சில சுத்தில அதுவும் இல்ல. மிச்ச நேரம் முழுக்க அது தனிய, பற்றரி இறங்கினா எதை ஓஃப் பண்ணுறது, எந்தப் படத்தை வச்சிருக்கிறது எண்டு தானே முடிவெடுக்கோணும். கிளிநொச்சியில இருந்து நாங்கள் எழுதுறது அந்தத் தனிச்ச நேரத்துக்கான சொஃப்ட்வெயார்.

இது புதுசில்ல. நாசாவின்ர ஈஓ-1 சற்றலைட் 2000ஆம் ஆண்டு மேல போனது, பிறகு அதில ஏத்தின சொஃப்ட்வெயார் எரிமலை, வெள்ளம் எண்டு தானே படத்தில கண்டுபிடிச்சு அடுத்த தரம் என்ன எடுக்கிறதெண்டு பிளானை மாத்தினது. 2020இல போன ஐரோப்பாவின்ர ஃபை-சாட்-1 முகில் மூடின படங்களை மேலயே கழிச்சுவிட்டது. அனுப்பக்கூடிய டேட்டா கொஞ்சம், வெறும் முகிலை ஏன் அனுப்புவான், நியாயமான யோசனைதான்.

எங்கட குழுவிலயும் அப்பிடித்தான் ரூல் வந்தது, முகில் இத்தனை வீதத்துக்கு மேல எண்டா படத்தை அழி. ரிவியூவில முல்லைத்தீவுத் தங்கச்சி ஒராள் கேட்டா, "அண்ணா, மாரியில எங்கட பக்கம் வானம் எப்ப வெளுக்கிறது? இதை இப்பிடியே விட்டா வெள்ளம் வாற நாள் படம் ஒண்டும் மிஞ்சாதே." 2018 டிசம்பரில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ள கிடந்ததைக் கண்ட ஆக்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. ஆவணி மாசத்து முழுப்படத்தை விட மார்கழியில முகில் விலகின ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால தெரியிற இரணைமடுக் குளம் பெறுமதி கூட, ஆனா வீதத்தை மட்டும் பாக்கிற ரூலுக்கு அது விளங்காது.

அதால படத்தைத் துண்டு துண்டா வெட்டிப் பாக்கிற மாதிரி மாத்தினம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எண்டு குளங்களின்ர இடங்களை ஒரு லிஸ்டா மேல வச்சிருக்கிறம், அந்த இடத்துத் துண்டு வெளிச்சிருந்தா முழுப்படம் எவ்வளவு முகிலா இருந்தாலும் அந்தத் துண்டு நிக்கும். இங்கதான் கனக்க மினக்கெட்டது, ஏனெண்டா சின்னச் சற்றலைட் தான் எங்க பாக்கிறன் எண்டதில ஒரு பாகை பிழைச்சாலே நிலத்தில கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் தள்ளிப்போகும், குளம் எண்டு நினைச்சுக் காட்டை வச்சிருக்கும், அதால சுத்திவர தாராளமா மாஜின் விடோணும். அழிக்கிற படத்துக்கும் சின்னத் தம்ப்நெயில் ஒண்டும் ஏன் அழிச்சதெண்ட குறிப்பும் கீழ வரும், அதை நான் விட்டுக்குடுக்கவே இல்ல.

வானம் முழுக்க மூடியிருந்தா இதெல்லாம் உதவாது, அதுக்கு சென்டினல்-1 சற்றலைட்டில இருக்கிற மாதிரி முகிலுக்குள்ளாலயும் பாக்கிற ரேடார்தான் வேணும். எங்கட கமெரா செய்யக்கூடியது அந்த ஓட்டைகளைத் தவறவிடாமப் பிடிக்கிறது. இப்ப அந்தத் தங்கச்சி சின்னக் குளங்களையும் லிஸ்டில சேர்த்துக்கொண்டிருக்கிறா, சொஃப்ட்வெயாரைத் தொடாம லிஸ்டை மட்டும் கீழ இருந்து மாத்தி அனுப்பலாம்.